நீல வண்டிக்கு அடித்த கற்பூரம்

புதுச்சேரிப் பக்கம் குழந்தைக்கு வயிறு கட்டிக்கொண்டால் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். தணிகாசலம் காருக்குக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் காலையில், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் பக்கம், மதாம் துவால் வீட்டுப் பின்கொட்டகையில் அந்த நீல வண்டி உறுமத் தொடங்கும். கரிந்த விளக்கெண்ணெய் வாசனை மதிலைத் தாண்டித் தெருவுக்கு வரும். அந்தப் பக்கம் தயிர் விற்கப் போகிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வண்டிக்குப் பேதி மருந்து குடுக்குறான் பாரு" என்று சிரித்துவிட்டுப் போவாள். அவனுக்குக் கேட்கும். கேட்டாலும் வண்டியிலிருந்து காதை எடுக்க மாட்டான்.

அது பந்தய வண்டி. இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம், அவ்வளவுதான் இடம். பின்பக்கம் படகு மாதிரி கூம்பிக்கொண்டு போகும். கதவு கிடையாது, மட்கார்டு கிடையாது, விளக்கும் கிடையாது. கைபிரேக் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மில்லில் எஞ்சினியராக இருந்த முசே துவால், வாலிபத்தில், 1926ஆம் வருஷம், தன் தேசமான பிரான்சில் மலைப்பாதை ஒன்றில் நடந்த பந்தயத்தில் அதை ஓட்டி முதலாவதாக வந்தவர். புதுச்சேரிக்கு வேலையாக வந்தபோது பெண்டாட்டியோடு வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பெண்டாட்டியைவிட வண்டிக்குத்தான் கப்பல் கூலி அதிகம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மதாம் சிரிக்க மாட்டார்.

தணிகாசலம் தவளக்குப்பத்துப் பக்கம் பயிர்வைத்துப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. மில்லுக்குக் கூலி வேலைக்கு வந்தவனைத் துவால் வண்டி துடைக்கக் கூட்டிக்கொண்டு போனார். துடைக்கப் போனவன் கழற்றக் கற்றுக்கொண்டான், பிறகு மாட்டவும் கற்றுக்கொண்டான். துவாலுக்கு இருந்தது ஒரே சட்டம். பந்தயத்தன்று வண்டியில் என்ன இருந்ததோ அது இருக்க வேண்டும். அன்றைக்கு இல்லாதது என்றைக்கும் கூடாது. சதுரத் தலை போல்ட் தேய்ந்தால் சதுரத் தலையாகவே இன்னொன்றைக் கடைந்து போட வேண்டும். கடையில் கிடைக்கிற ஆறு பட்டை போல்ட்டைக் கொட்டகைக்குள்ளேயே விடக்கூடாது. எஞ்சினுக்கு அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் ஊற்றிய விளக்கெண்ணெய்தான். பெட்ரோல் பங்கில் விற்கிற டின் ஆயில் கொஞ்சம் கலந்தாலும் இரண்டும் திரிந்து கூழாகிவிடும். ஆயுத பூஜைக்குக்கூடத் தணிகாசலம் ஸ்பேனர் பெட்டிக்குத்தான் சந்தனம் குங்குமம் வைப்பான். வண்டிக்கு வைக்க மாட்டான். பந்தயத்தன்று அதற்கு யார் பொட்டு வைத்தார்கள்?

விளக்கெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. எஞ்சினுக்குள் சும்மா விட்டுவைத்தால் பிசினாக இறுகி உள்ளே எல்லாவற்றையும் ஒட்டிவிடும். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது ஹேண்டில் போட்டுச் சுற்றி, ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். பால் கறக்கிற மாடு வீட்டில் இருந்தால் வெளியூர் போக முடியாது என்பார்கள். இந்த மாடு பாலும் கொடுக்கவில்லை.

1954 நவம்பரில் ஊரில் ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறியது. தெருவெல்லாம் மேளமும் வெடியுமாக இருந்த அந்த மாதத்தில்தான் துவால் ஈரல் கெட்டுப் படுத்தார். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனபின், அவர் தணிகாசலத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். அரைத் தமிழும் அரைப் பிரெஞ்சுமாக, "வண்டி... அப்படியே... பாத்துக்க" என்றார்.

"சரிங்க முசே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மனுஷர் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் தணிகாசலத்துக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பன் போகும்போதுகூட அவனுக்கு அப்படி வந்ததில்லை. சமையற்கட்டுக்கு ஓடிப்போய்ச் சமையல்காரர் பாவாடையிடம் கற்பூரம் வாங்கிவந்தான். பித்தளைத் தட்டில் ஏற்றிக் கட்டிலோரம் வைத்தான். தீ நின்று எரியும்போது உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

"இந்த வண்டி பந்தயத்துல ஓடின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும் முசே. ஒரு ஆணி மாறாது. இத விட்டுட்டு ஒரு ராத்திரிகூட நான் வெளிய தங்க மாட்டேன். என் பொண்டாட்டி வயித்துல இருக்கிற புள்ள மேல சத்தியம்!"

ராத்திரி தங்குவதைப் பற்றி அவனை யார் கேட்டார்கள்? பிள்ளையை யார் இழுக்கச் சொன்னார்கள்? உணர்ச்சி வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு வாய் ஒரு இடத்தில் நிற்காது. அவன் சொன்ன ஒவ்வொன்றையும் பாவாடை மதாமுக்குப் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னார். பாவாடைக்குச் சமையலில் உப்புக் குறையும், பேச்சில் குறையாது. சத்தியம் தவறினால் அந்தக் குழந்தை பிழைக்காது என்பதையும் சேர்த்து, கண்ணை உருட்டிச் சொன்னார். மதாம் வெளிறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். துவால் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

தணிகாசலத்தின் பெண்டாட்டி அமிர்தவல்லி அப்போது கொட்டகையை ஒட்டிய அறையில்தான் அவனோடு குடியிருந்தாள். விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடித் தீர்த்துவிட்டாள்.

"யாரைக் கேட்டு என் வயித்து மேல கற்பூரம் அடிச்ச? உன் தல மேல அடிக்க வேண்டியதுதான? அதுலதான் ஒண்ணும் இல்லயே, காலியாத்தான கெடக்கு!"

"அமிர்தம், அந்த நேரத்துல வாயில வந்துருச்சு..."

"வரும் வரும். பெத்துப் போடுறது நானு, பந்தயம் கட்டுறது நீயா? அந்த வண்டி நிக்கிற எடத்துல இனிமே ஒரு வாய்க் கஞ்சி குடிக்க மாட்டேன்."

அன்றைக்கே துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு தவளக்குப்பத்தில் தன் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேதான் பெண் பிறந்தது. சந்திரகலா என்று பேர் வைத்தார்கள். இத்தனை கோபத்திலும் சத்தியத்தை மீறு என்று மட்டும் அவள் ஒருநாளும் சொல்லவில்லை. கற்பூர சத்தியம் தவறிய வீடு விளங்காது என்பதில் அவளுக்கும் சந்தேகம் கிடையாது. தொட்டிலை ஆட்டும்போதெல்லாம் அந்த வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். எந்தப் பெண்பிள்ளைக்கு வரும் இந்தக் கொடுமை? வயிறெரியத் திட்டிய வண்டிக்கே நல்லது வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தணிகாசலம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பஸ் பிடித்துத் தவளக்குப்பம் போவான். பெண்டாட்டி கையால் சாப்பிட்டு, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தால் கூட்டு ரோட்டில் கடலூரிலிருந்து வருகிற கடைசி பஸ்ஸுக்கு நிற்பான். அவன் ஆசையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டில், தன் பெண்டாட்டி பிள்ளை பக்கத்தில், ஒரு ராத்திரி படுத்துத் தூங்க வேண்டும். ஊரில் பிச்சை எடுக்கிறவனுக்குக்கூடக் கிடைக்கிற சுகம் அது.

வண்டியின் கதியும் அப்படித்தான் ஆயிற்று. துவால் இருந்தவரை விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் அதை ஒரு விரட்டு விரட்டிவிட்டு வருவார். புது ஆட்சி வந்ததும், விளக்கும் மட்கார்டும் நம்பர் பலகையும் இல்லாமல் வண்டி தெருவுக்கு வரக்கூடாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். விளக்கு மாட்டினால் பந்தயத்தன்று இருந்த வண்டி இல்லை. மாட்டாவிட்டால் தெரு இல்லை. தணிகாசலம் யோசிக்கவே இல்லை. வண்டியைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, சக்கரம் அந்தரத்தில் சுற்றும்படி ஓட்டினான். அத்தனை வேகமும் கொட்டகைக்குள்ளேயே சுற்றியது.

வண்டி ஓட்டும் அந்த இரண்டு நாளும் மதாம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் போட்டுக்கொண்டு உட்காருவார். எஞ்சின் பிடிக்கும்வரை விரல்களைப் பின்னிக்கொண்டே இருப்பார். பிடித்து ஓடத் தொடங்கினதும் எழுந்து உள்ளே போய்விடுவார். மதாமுக்குத் தமிழில் நாலைந்து வார்த்தைதான் தெரியும். அவனுக்குப் பிரெஞ்சில் வண்டிச் சாமான் பேர் மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் பாவாடை வழியாகத்தான். புருஷன் ஞாபகமாக வண்டியை உயிராக வைத்திருக்கிறார் மதாம், அதனால்தான் ஒருநாள் தவறாமல் வந்து சோதிக்கிறார் என்று தணிகாசலம் முடிவுகட்டிக்கொண்டான்.

குழந்தை தவழத் தொடங்கின சமயத்தில் அமிர்தவல்லி ஒருநாள் வழியைச் சொன்னாள். அவனுக்கும் தெரிந்த வழிதான். கற்பூரம் அடித்தவன் மறுபடி கற்பூரம் ஏற்றி நீட்ட வேண்டும். சத்தியத்தை வாங்கினவர் தன் கையால் அதை அணைத்து "விட்டுட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவர் செத்துப்போயிருந்தால் அவர் பெண்டாட்டி அணைக்கலாம். வரப்புத் தகராறில் உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு, பிற்பாடு சம்பந்தியாகிப் போனவர்களெல்லாம் தவளக்குப்பத்தில் இப்படித்தான் விடுவித்துக்கொள்வார்கள்.

"போயி அந்தம்மாவக் கேளு. வெள்ளக்காரியா இருந்தா இன்னா, அவங்களும் ஒரு பொம்பளதான. மாட்டேன்னா சொல்லிடப் போறாங்க?"

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். நிஜமாகவே கேட்கத்தான் நினைத்தான்.

அந்த வாரம் பார்த்து டயர் வந்து சேர்ந்தது. பழைய டயர்கள் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்திருந்தன. ஓரம் மடித்த அந்தக் காலத்து மாதிரி டயர் இந்த தேசத்தில் எங்கேயும் கிடைக்காது என்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்ததை மதாம் பார்த்திருக்கிறார். பிரான்சில் இருக்கும் தன் தங்கையை ஊர் ஊராக அலையவிட்டு, அதே மாதிரி, அதே அளவு டயர்களைக் கப்பலில் தருவித்துவிட்டார். தணிகாசலம் பிரித்துப் பார்த்தான். புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. அன்று பூராவும் சோறு தண்ணியில்லாமல் மாட்டினான். சாயங்காலம் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, அது கோணாமல் குலுங்காமல் சுற்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மதாம் பின்னால் வந்து நின்றார்.

"சந்தோஷம்?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

அதுதான் சமயம். பாவாடையும் பக்கத்தில் நின்றார். தணிகாசலம் வாயைத் திறந்தான். "சந்தோசம் மதாம்" என்றான். பொய்யில்லை. அவன் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மதாம் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். போனபிறகுதான் கேட்க வந்தது கேட்காமல் நின்றுவிட்டது அவனுக்கு உறைத்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தான். நாளைக்கு என்பவனுக்கு என்றைக்கு விடிந்திருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அமிர்தவல்லி இலை போட்டுச் சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "மாட்டேன்னுட்டாங்க."

அவள் குழம்புச் சட்டியை மூடிவைத்தாள். பிறகு, "நல்லா இருப்பாளா அவ?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கேட்டாள். தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அவள் கோபம் தன்மேல் இல்லை, வேறு யார்மேலோ போகிறது என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்காக அவனை நாலு அறை அறையலாம்.

ஆப்பசைத்த குரங்காக அவன் மாட்டிக்கொண்டது சத்தியத்தில் இல்லை, இந்தப் பொய்யில்தான். இப்போது போய் மதாமைக் கேட்டு, மதாம் சரியென்று சொல்லிவிட்டால், அன்றைக்குக் கேட்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். கேட்காமல் இருந்தால் ராத்திரி ராத்திரி கொட்டகை. வருஷம் தள்ளத் தள்ளப் பொய்யும் கூடவே பருத்தது. முதல் மாசம் சொல்லியிருந்தால் அமிர்தவல்லி திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், முடிந்திருக்கும். நாலு வருஷம் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? செவ்வாயும் சனியும் வண்டியை ஓட்டினான். மிச்ச நாளில் துடைத்தான். கடைந்த போல்ட்டையே மறுபடி கழற்றி, இன்னும் கொஞ்சம் சரியாகக் கடைந்தான்.

சந்திரகலாவுக்கு அம்மை போட்டிருந்தபோது ஒரு ஞாயிறு வந்தது. பிள்ளை முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்தது. வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்த தணிகாசலத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு, "போவாத" என்றது. வெளியே பஸ் ஹாரன் கேட்டது. விரலைப் பிரிக்க அவனுக்கு மனசு வரவில்லை. அமிர்தவல்லிதான் பிரித்துவிட்டாள்.

"போ. இங்க இருந்து இவளக் கொன்னுடாத. போ!"

பஸ்ஸின் கடைசி சீட்டில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவன் பேசாமல் திரும்பிப் போய்விட்டான். பிள்ளை பிழைத்துக்கொண்டது. சத்தியத்தைக் காப்பாற்றினதால்தான் பிழைத்தது என்று அமிர்தவல்லி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். முடிச்சு இன்னொரு சுற்று இறுகியது.

கூட்டு ரோட்டில் பஸ் முதலாளி ஒருவர், பஸ்கள் ராத்திரி வந்து நிற்கும் இடத்திலேயே ஒரு பட்டறை போட்டுத் தருவதாகவும், தணிகாசலம் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். அமிர்தவல்லி வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவன் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து, நீல வண்டியின் பானெட்டைக் கட்டும் தோல் வாருக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தடவத் தடவத் தோல் பளபளத்தது. அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1962 ஆகஸ்டில் கையெழுத்துகளெல்லாம் முடிந்து ஊர் முழுசாக இந்தியாவோடு சேர்ந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே பல வீடுகளில் பெட்டி கட்டினார்கள். மதாமின் தங்கைக்குக் கண் பார்வை போய்விட்டது, துணைக்கு ஆளில்லை, வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மதாம் பெட்டி கட்டவில்லை. தனியாக உட்கார்ந்து அழுதார். பாவாடைக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கோழி வாங்கத் தவளக்குப்பம் சந்தைக்குப் போனார். அங்கே அமிர்தவல்லி வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். வாய் சும்மா இருக்குமா அவருக்கு?

"உன் பொண்ணாலதாம்மா எங்க மதாம் ஊருக்குப் போவ முடியாம இங்க கெடந்து சாவுறாங்க" என்றார்.

அமிர்தவல்லி தராசைக் கீழே வைத்தாள். "இன்னா சொன்ன?"

அங்கே என்ன பேசினார்கள் என்று தணிகாசலத்துக்குத் தெரியாது. மறுநாள் சனிக்கிழமை. வண்டி அப்போதுதான் பிடித்து ஓடத் தொடங்கியிருந்தது, மதாம் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பின்கதவு திறந்து அமிர்தவல்லி உள்ளே வந்தாள். அந்த இடத்தில் ஒரு வாய்க் கஞ்சி குடிக்கமாட்டேன் என்று போனவள், சந்திரகலாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"பாவாடையண்ணே, உங்க மதாமைக் கேளுங்க. இவரு எப்பவாவது வந்து, சத்தியத்த விட்டுக் குடுங்கன்னு கேட்டாரா?"

பாவாடை கேட்டார். மதாமுக்குப் புரியவில்லை. விட்டுக் கொடுப்பது என்றால் என்ன என்று திரும்பக் கேட்டார். பாவாடை கற்பூரம் ஏற்றுவதையும் அணைப்பதையும் கையால் செய்து காட்டி விளக்கினார். மதாம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படபடவென்று பேசத் தொடங்கினார். பாவாடை பாதியைத்தான் தமிழில் சொல்ல முடிந்தது, மீதிக்கு அவருக்கே அழுகை வந்துவிட்டது.

"விட முடியும்னு யாருமே எங்கிட்ட சொல்லலயேங்கிறாங்க. வண்டிய வித்தா, வண்டி கெட்டுப்போனா, அந்தப் புள்ள செத்துடும்னு நெனச்சிக்கினு இருந்தாங்களாம். அதுக்காவத்தான் டயரு வரவழச்சது. அதுக்காவத்தான் ரெண்டு நாளும் வந்து ஒக்காந்து, ஓடுதா ஓடுதான்னு பாத்தது. தனக்கு ஒரு புள்ள பொறந்து கைக்கொழந்தயாவே போச்சாம். தன்னால இன்னொருத்தி புள்ளயும் போவக்கூடாதுன்னு... இந்த வண்டியக் கண்டாலே ஆவாதாம்மா அவங்களுக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஆவாதாம்."

"இத்தன நாளா நீயாச்சும் சொல்லக் கூடாதாண்ணே?"

"நம்ம கற்பூரம் அவங்களுக்குச் செல்லுமான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மதாம் சந்திரகலாவின் முன்னால் குனிந்து அவள் கன்னத்தை இரண்டு கையாலும் தொட்டார். எட்டு வருஷமாகக் காவல் காத்த பிள்ளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணெல்லாம் நீல வண்டிமேல் இருந்தது.

தணிகாசலம் தேள் கொட்டின திருடனாக நின்றான். அமிர்தவல்லி இப்போதுதான் அவனைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கேக்கவே இல்லயா நீ?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு கற்பூரத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். பாவாடை அன்றைய பித்தளைத் தட்டையும் தீப்பெட்டியையும் கொண்டுவந்தார்.

"ஏத்து."

தட்டை ஒரு கையிலும் தீப்பெட்டியை மறு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான் தணிகாசலம். இத்தனை வருஷமாக ஏங்கியது இதற்குத்தான். ஒரு குச்சியைக் கிழித்தால் போதும். அந்த நேரத்தில் கொட்டகைக்குள் எஞ்சின் சத்தம் லேசாக மாறியது. ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. அவன் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"ஒரு நிமிசம் இரு" என்றான்.

தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினான். பெட்ரோல் குழாயை ஒரு சுற்றுத் திருகி, காது கொடுத்துக் கேட்டு, சத்தம் சீரானதும் எஞ்சினை நிறுத்தினான். கையைத் துணியில் துடைத்தான். வெளியே வந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அமிர்தவல்லியின் முகத்தில் கோபம் இல்லை. எதையோ ரொம்ப நாளாகத் தேடிக் கண்டுபிடித்தவள் முகமாக இருந்தது.

பிறகு எல்லாம் நடந்தது. கற்பூரம் ஏற்றினான், நீட்டினான். மதாம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அணைத்தார். சுட்டிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார். பாவாடை சொல்லிக்கொடுத்தபடி "விட்டூட்டேன்" என்றார். அவ்வளவுதான். எட்டு வருஷத்துப் பூட்டு, ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் திறந்துவிட்டது.

அமிர்தவல்லி மதாமைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"அமிர்தம், நானும் வரேன்."

"வா" என்றாள் திரும்பாமலே. "யாரு வேணாம்னது?"

அவளோடேயே போயிருக்க வேண்டும். ஆனால் எஞ்சின் சூடாக இருக்கும்போதே விளக்கெண்ணெயை வடித்துவிட வேண்டும். இனிமேல் செவ்வாய்க்கிழமை யார் ஓட்டப்போகிறார்கள்? அப்படியே விட்டால் இறுகிவிடும். வடித்தான். தோல் வாரைக் கட்டினான். இரண்டு பஸ் தள்ளித்தான் தவளக்குப்பம் போய்ச் சேர்ந்தான்.

அமிர்தவல்லி வழக்கம்போலச் சோறு போட்டாள். மீன்குழம்பில் துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. பொழுது சாய்ந்தது. கூட்டு ரோட்டில் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. சந்திரகலா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. இரு என்று அமிர்தவல்லி சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தான். அவள் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது.

பிள்ளைக்குப் பாய் போட்டாள். அவனுக்கும் ஒன்று போட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

"தாழ்ப்பா போடலயா?" என்று கேட்டான்.

"எதுக்கு? இத்தினி நாளா சத்தியம் கட்டி வச்சிருக்குன்னு நெனச்சேன். ஒண்ணும் உன்னக் கட்டி வைக்கல. போவணும்னு தோணுச்சுன்னா போ."

"நான் போவ மாட்டேன் அமிர்தம்."

"சரி" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

மதாம் அந்த வருஷமே கப்பலேறினார். நீல வண்டியை யார் வாங்கினார்கள், அதில் என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று தணிகாசலம் விசாரிக்கவில்லை. கூட்டு ரோட்டில் பட்டறை போட்டான். கடலூர் ரோட்டில் அவன் கை படாத பஸ் கிடையாது என்று பேர் வாங்கினான். பெண்ணுக்குக் கல்யாணம் செய்துகொடுத்தான், பேரப்பிள்ளைகளைத் தூக்கினான், ஒரு ராத்திரிகூட வெளியே தங்கவில்லை. அமிர்தவல்லி அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி அவனிடம் பேசியதே இல்லை. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும்போது அவன் கதவைத்தான் பார்ப்பான். அவள் விளக்கைத் தணித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வருவாள். தாழ்ப்பாளை அவள் கடைசிவரை போடவில்லை.